மழை பெய்கிறதா என்று கேட்ட கடிதங்கள்

மாமி ஒரு பழைய எக்ஸ்ரே உறையை என் மடியில் வைத்தார். உள்ளே நாற்பத்தொரு கடிதங்கள்.

"நீ பட்டியல் போடுற ஆள்தானே மகள். இதையும் போடு. உன் வாப்பாட்ட காட்ட வேணும்."

மாமி வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. ஐம்பத்தைந்து வயது, கலியாணம் முடிக்காதவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து பாலாவிக்குப் பக்கத்து முகாமில் இருந்தபோது ஒருவர் அவரைப் பெண் கேட்டார். உம்மாவை இழந்த தம்பிக்கு, அதாவது என் வாப்பாவுக்கு, அப்போது பத்து வயது. அவன் படித்து முடிக்கட்டும் என்றார் மாமி. கேட்டவர் எலுவன்குளத்துக்கு வயல் செய்யப் போனார். அங்கிருந்து எழுதினார். பிறகு வீட்டார் அவருக்கு வேறு இடத்தில் முடித்து வைத்தார்கள். மனைவி மௌத்தாகி மூன்று வருடம். இப்போது மறுபடியும் எழுதிக் கேட்கிறார்.

தகப்பன் இல்லாத பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கச் சகோதரன் நிற்க வேண்டும். வாப்பா ஒருமுறை மறுத்துவிட்டார். "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல மாப்பிள்ளையா? சனம் என்ன கதைக்கும்?"

கட்டடங்களுக்கு அளவுப் பட்டியல் தயாரிப்பது என் தொழில். கடிதங்களையும் அப்படியே வருட வரிசையில் பட்டியலிட்டேன். முகாமில் யாரும் பிரித்துப் படிக்கலாம் என்பதால் ஒன்றிலும் பெயர் இல்லை. மழை, முப்பத்து மூன்று கடிதங்களில். குளத்து நீர்மட்டம், பத்தொன்பதில். யானை, எட்டில். அன்பு என்ற சொல், எதிலுமே இல்லை. இதை வைத்து வாப்பாவை எப்படி அசைப்பது என்று கவலையாக இருந்தது. பிறகு, அவர் கேட்ட கேள்விகளுக்கென்று தனியாக ஒரு நிரல் போட்டேன்.

ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்ட வாப்பாவிடம் தாளை நீட்டினேன். அவர் சிரித்தார்.

"இது காதல் கடிதமா, வானிலை அறிக்கையா?"

"நீ கண்டதெல்லாம் சினிமாக் காதல்தானேடா," என்றார் மாமி குசினியிலிருந்து.

நான் கடைசி நிரலை வாசித்தேன். அங்கே மழை பெய்கிறதா? சின்னவருக்குக் காய்ச்சல் விட்டதா? சின்னவர் கணக்கில் சித்தியடைந்தாரா? சின்னவரின் சப்பாத்து அளவு என்ன, டவுனுக்குப் போகிறேன்.

வாப்பாவின் சிரிப்பு நின்றது. "அந்தக் கறுப்புச் சப்பாத்து... ராத்தா, நீங்க வாங்கினதெண்டுதானே சொன்னீங்க?"

"பேர் சொல்ல ஏலாத காலம்டா அது."

வாப்பா தாளைத் தன் பக்கம் இழுத்தார். நடுவில் நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன மகள், ஒண்டுமில்ல?"

"இருபத்திரண்டு வருசம், வாப்பா. அவர் கலியாணம் முடிச்சிருந்த காலம். ஒரு கடிதமும் எழுதல்ல."

அவர் அந்த வெற்றிடத்தின் மேலிருந்து கீழ்வரை விரலால் கோடிழுத்தார். குசினியில் மாமி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ராத்தா," என்றார். "அவருக்குச் சப்பாத்து அளவு என்ன?"

மாமி வாசலுக்கு வந்து நின்றார். "எட்டு," என்றார் உடனே.

"அதெல்லாம் தெரிஞ்சு வச்சிரிக்கிறீங்க!" என்றார் வாப்பா.

நிக்காஹ் எங்கள் வீட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை புதுச் சப்பாத்தை வாசலில் கழற்றி, அவ்வளவு சனத்துக்குள்ளும் கவனமாக ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெண்ணின் சார்பில் வாப்பா ஒப்பமிட்டு முடித்ததும் மாமி உள்ளறையிலிருந்து என்னிடம் சொன்னார்: "அந்தப் புத்தகத்த இங்க கொண்டு வரச் சொல்லு. நானும் ஒப்பம் வைக்கணும்."

மணப்பெண் ஒப்பமிடுவது வழக்கமில்லை; பதிவாளர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தானே எடுத்துக்கொண்டு போய்ப் பேனாவைத் திறந்து கொடுத்தார். மாமி தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுத்துகள் கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டம் வரை போயின.