கப்யேயும் ஒரு குவளைத் தண்ணீரும்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில், குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் நான். பசை கலக்குவதும் டைல்ஸ் சுமப்பதும் என் வேலை. பதிப்பவர் ஒரு போலந்துக்காரர். இருவருக்கும் அரைகுறை ஜெர்மன். எனக்கு அதையும் பேசக் கூச்சம்.

நாங்கள் வேலை செய்யும்போது குழாய்க்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். போலந்துக்காரர் தலை நிமிராமலே, "கப்யே" என்பார். "வேடிக்கை பாக்க ரிக்கெட் அடிச்சு வித்திருக்கலாம்."

விபத்து நடந்த இடத்தில் கூடி நின்று பார்ப்பவர்களை அவர்கள் நாட்டில் அப்படித்தான் சொல்வார்களாம். தனி ஒருவனை அப்படிச் சொல்லும் வழக்கம் குறைவு, கும்பலுக்குத்தான் என்றும் விளக்கினார். பசை கலக்கி முடித்தால் நானும் அந்தக் கும்பலோடு சேர்ந்துவிடுவேன். அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாரோ என்று ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் சுருங்குவேன்.

ஒரு காலை, முதியோர் இல்லம் ஒன்றில் குளியலறை. வேறு ஆட்கள் தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி தரைக்குச் சரிவு வைத்து, தண்ணீர் இறங்காத பூச்சும் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் முதல் டைலைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கோ சரிவு வாசல் பக்கம் போவதாகப் பட்டது. பசை இறுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற இரண்டு குழாய்க்காரர்களைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் ஊற்றினேன்.

"செடிக்குத் தண்ணி விடுறியோ?" என்று ஒருவன் சிரித்தான்.

தண்ணீர் வடிகாலைத் தொடவேயில்லை. மெல்ல நெளிந்து வந்து அவன் காலில் கிடந்த சப்பாத்தை நனைத்தது.

போலந்துக்காரர் டைலைக் கீழே வைத்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். பிறகு அவர்களைக் காட்டி, "கப்யே" என்றார். என்னைக் காட்டி, "ஒப்செர்வாத்தோர்" என்றார். உற்றுக் கவனிப்பவனுக்குப் போலந்தில் வைத்திருக்கும் சொல் அது.

சில நாள் கழித்து, சரிவைத் திருத்திப் பூச்சும் காய்ந்த பிறகு, முதல் டைலை என் கையில் தந்தார்.

அன்று மாலை மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னப்பா, சிரிச்சுக்கொண்டு வாறியள்?"

"இண்டைக்கு நான் டைல் வைச்சனான்."

"எத்தினை?"

"ஒண்டு."

"ஒண்டுக்கோ இவ்வளவு சிரிப்பு?"

"ஓம்" என்றேன்.