சமையலறைச் சுவரில் ஒரு துளை

‘டிரெய்ன்’ (drain) என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் இன்று எல்லோருக்கும் சாக்கடை நினைவு வருகிறது. அகராதியில் எண்ணிப் பார்த்தேன், ஆறு பொருள். நிலத்து நீரைக் கழிப்பது, வாய்க்கால், கோப்பையை மிச்சமின்றிக் குடிப்பது, உடம்பின் தெம்பை உறிஞ்சுவது என்று போகிறது. எல்லாவற்றுக்கும் மூத்த பொருள், துணியில் ஊற்றி வடிகட்டுவது. வேர், ‘உலர்ந்த’ என்று பொருள்படும் ‘டிரை’ (dry) என்ற சொல்லின் உறவாம். அடுப்பங்கரையில் பிறந்து சாக்கடையில் போய் நின்ற சொல். அந்தத் தூரம் எவ்வளவு என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு சுவரின் கனம்தான்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊரே பேசிய காலம். திருப்பதியில் கல்லூரி மாணவர்கள் இருபத்திரண்டு பேர் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சமையல்காரர் பலமனேர்க்காரர். சோறு வெந்ததும் அண்டாவைச் சாய்த்துக் கஞ்சியைச் சுவரடித் துளையில் வடிப்பார். அது வெளியே சாக்கடையில் விழும். வடிக்குமுன், வெளியே யாராவது இருந்தால் விலகிக்கொள்ளட்டும் என்று துளையருகே குனிந்து, “கஞ்சி வடிக்கிறேன், ஒத்திக்கோ!” என்பார். உடனே தெலுங்கிலும் அதையே, “கஞ்சி வாருஸ்துன்னா, தப்புக்கோ!”

ஒருநாள் நகரியிலிருந்து வந்த தமிழ்ப் பையன் ஒருவன் ஆரம்பித்தான். “தமிழ்ல மட்டும் கத்து மாஸ்டர். திருப்பதி எங்களுக்குத்தான் வரப்போவுது.”

தெலுங்கு மாணவன் விடவில்லை. “மலையையும் தலைமேல வெச்சிக்கினு போ! மாஸ்டர், மொதல்ல தெலுங்கு.”

மூன்று நாள் இதே ரகளை. நான்காம் நாள் சமையல்காரர் கரண்டியை வைத்தார். “கஞ்சிக்கு எந்த ஜில்லா நைனா? ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் என் வாய்க்கு லீவு.”

எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவர் பேசாமல் வடித்தார்.

வெளியே கேட்ட அலறலை மனிதக் குரல் என்று அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஓடினோம். முனிசிபாலிட்டி சாக்கடை எடுப்பவர் கரையில் விழுந்து கிடந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் தோல் சுருண்டு, கஞ்சியோடு ஒட்டியிருந்தது. ஆவி பறந்தது.

“தெனம் சத்தம் வருமே சாமி,” என்றார். “சத்தம் வந்தா ஒத்திக்கலாம்னுதானே குனிஞ்சிக்கினு இருந்தேன்.”

சமையல்காரர்தான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சண்டை போட்ட இருவரும் நாங்களும் பின்னால் போனோம்.

கம்பவுண்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நகரிப் பையன் தமிழில் தொடங்கினான்; மற்றவன் தெலுங்கில்.

“நான் சத்தம் போடல,” என்று குறுக்கிட்டார் சமையல்காரர்.

கட்டுப் போடும்வரை அடிபட்டவர் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எப்ப சாமி திரும்ப வேலைக்கு எறங்கலாம்?” என்று கேட்டார்.

“சாக்கடையிலயா? இந்தக் காலோட இனிமே எறங்கவே கூடாது,” என்றார் கம்பவுண்டர்.

அப்போதுதான் அடிபட்டவர் அழத் தொடங்கினார்.