தேங்காய் என்று நம்பிய கத்தரிக்காய் மசாலா

நாங்கள் மும்பையில், செம்பூரில் வசிக்கிறோம். என் ஏழு வயது மகன் கார்த்திக்கிற்கு வேர்க்கடலை ஆகாது. வீட்டில் அதை வாங்குவதே இல்லை.

போன மாதம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. ஸ்டேஷன் அருகே ஒரு மராட்டிப் பெண்மணியின் கடையில் சப்பாத்தியும் கத்தரிக்காய் மசாலாவும் வாங்கினேன். மசாலா நல்ல கெட்டி. பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கெட்டி என்றாலே தேங்காய்தான். கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்ட கார்த்திக், "தொண்டை என்னமோ பண்றதும்மா" என்றான். உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. என் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரி வரும்வரை அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

மறுநாள் சண்டை போடக் கடைக்குப் போனேன். "வேர்க்கடலைப் பொடி போடாமல் மசாலா எப்படிக் கெட்டியாகும்?" என்று அந்தப் பெண்மணி ஹிந்தியில் திருப்பிக் கேட்டார்.

இப்போது எதையும் கேட்காமல் வாங்குவதில்லை. கார்த்திக்கும் கேட்கிறான். நேற்று நான் செய்த கூட்டைத் தட்டில் போட்டதும், "இதுல வேர்க்கடலை இல்லையேம்மா?" என்றான்.

இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைத்தான்.