கூத்யூரியே

நான் வேலை பார்த்த புதூர்நாட்டு மலைச் சந்தையில் ஒல்லியான தையல்காரர் ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் தொழில் பழகியவர். மெஷின் மூடியில் ‘கூத்யூரியே’ என்று எழுதியிருந்தார்.

“அப்படின்னா இன்னாங்க?”

“பிரெஞ்சுல தையலுக்கு கூத்யூர்னு பேருங்க. அதுலேர்ந்து வந்தது. பெரிய மனுசங்களுக்குப் புதுசு புதுசா யோசிச்சித் தைக்கறவங்கள அப்டி சொல்வாங்க.”

“இங்க யாரு பெரிய மனுசங்க?”

சட்டைத் துணியை நீட்டினேன். டேப்பை எடுக்கும் முன் எல்லோரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டார்: “இதப் போட்டுக்கினு இன்னா வேல செய்வீங்க?”

“உக்காந்து எழுதறதுதான்.”

மரமேறிப் புளி உலுக்குகிறவர்களுக்கு அக்குளில் தாராளமாக விட்டுத் தைப்பவர், எனக்குக் கச்சிதமாகப் பிடித்துத் தைத்திருந்தார். சட்டை அத்தனை அழகு.

மாற்றலாகி மலையிறங்கும்போது ஜீப்பின் மேல்கம்பியைப் பிடித்தேன். அக்குளில் தையல் விட்டுப்போனது. அவரைக் குறை சொல்ல இன்றும் மனம் வரவில்லை. கேட்டுத்தான் தைத்தார்.