ஐயா தலைவராக இருந்த சிறுபோகம்

காய்ந்து வெடித்த வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் வரும்போது, சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்தது போல "சுர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும்; கூடவே புழுதி மணமும், வெடிப்புகளுக்குள்ளிருந்து தப்பி ஓடுகிற எறும்புகளும், அதைப் பார்க்க ஓடிவருகிற நாங்களும். மாங்குளச் சந்தியிலிருந்து உள்ளே போகும் பாதையில், ஒரு சின்னக் குளத்தை நம்பிப் பிழைத்த ஊர் எங்களுடையது. மாரி முடிந்தபின் குளத்தில் தேங்கியதை மட்டும் வைத்துச் செய்கிற இரண்டாம் விளைச்சலைச் "சிறுபோகம்" என்போம். அப்படி ஒரு சிறுபோகத்தில், பயிர் கதிர் வைக்கிற நேரம், அந்தச் சத்தம் எங்கள் வயலுக்கு வரவேயில்லை. இத்தனைக்கும் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற "துருசு"க்குப் பக்கத்து வயல் எங்களுடையது. தண்ணீரை மறித்தவர் என் ஐயாதான்.

ஐயா அப்போது ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். "ஊருக்குத் தலைவர், எனக்குத் தலையிடி" என்று அம்மா குசினிக்குள் நின்று சொல்லுவா, சொல்லிவிட்டு வந்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுப்பா. வரம்புச் சண்டை என்று இரண்டு பேர் வந்தால், ஐயா தன் கதிரையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருவரின் கதையையும் முடியும்வரை கேட்பார். இருவரும் தாங்கள்தான் வென்றோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார்கள். பொய் சொல்லமாட்டார், ஒருவரையும் அதட்டமாட்டார். அவரால் முடியாத காரியம் ஒன்று இருந்தது: ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து "ஏலாது" என்று சொல்வது.

அந்த வருடம் விதைப்புக் கூட்டம் கூடியபோது குளத்தில் பாதித் தண்ணீர்தான் கிடந்தது. அப்படியான வருடங்களில் துருசுக்கு அண்டிய மேல்காணிகளை மட்டும் விதைத்து, அந்த நிலத்தையே வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைக்காணிக்காரர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக் காணி சும்மா கிடக்கும், ஆனால் எல்லார் வீட்டிலும் கொஞ்சமாவது நெல் இருக்கும். ஐயா குளக்கட்டில் நடந்து பார்த்துவிட்டு, அதைச் சொல்லத்தான் கூட்டத்துக்குப் போனார். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, கடைசிக் காணியில் காடு வெட்டியிருந்த சின்னராசா மாமா, துவாயைக் கையில் பிடித்தபடி எழும்பினார்.

"தலைவர், காடு வெட்டின கை இன்னும் ஆறேல்லை. சொந்தக் காணியிலை ஒருக்கா விதைச்சுப் பாக்க விடுங்கோ. இடையிலை ஒரு மழை வந்தாப் போதும்தானே."

ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, எல்லாரும் விதையுங்கோ" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டா. "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அந்தாளின்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு ஏலாதெண்டிறது?"

மழை வரவில்லை. கதிர் வைக்கிற நேரம் குளத்தில் அடிச்சேறு தெரிந்தது. கிடந்த தண்ணீர் கடைக்காணிக்கு முதலில் போகட்டும் என்று ஐயா முடிவெடுத்தார். உச்சி வெயிலில் எங்கள் வயல் வாயைச் சாக்கும் மண்ணும் போட்டு அடைத்து, தன் காலாலேயே மிதித்து இறுக்கினார். அம்மா வரம்பில் நின்று கத்தினா: "பெத்த பிள்ளையளின்ரை வயித்திலையோ மண் அள்ளிப் போடுறியள்?"

"நான்தானே விதைக்கச் சொன்னனான். காயிறதெண்டால் முதல்லை என்ரை வயல் காயட்டும்." அவர் தலை நிமிரவில்லை.

எங்கள் பயிர் வைக்கோலாகி மாடுகளுக்குப் போனது. சின்னராசா மாமாவுக்குப் பாதி விளைந்தது, மற்றப் பலருக்கு அதுவுமில்லை. வீட்டில் சோற்றுக்கும் நெல்லில்லை, விதைக்கும் நெல்லில்லை. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த அண்ணா, கணக்கென்றால் உயிரை விடுகிற அண்ணா, செட்டிகுளம் பக்கத்தில் ஒரு நெல் ஆலைக்கு மூட்டை சுமக்கப் போனார். "ஒரு போகத்துக்குத்தான் தம்பி, பிறகு பள்ளிக்கூடம் போகலாம்" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினா. அவர் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

ஊர் ஐயாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. "தன் வயலைக் காயவிட்டு எங்களுக்குத் தண்ணீர் தந்த மனிதன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கும் பெருமை இல்லாமலில்லை, பொய் ஏன் சொல்லவேண்டும். ஆனால் கோபமும் இருக்கிறது, அது வயது போகப் போகக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கூட்டத்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், பிறகு அப்படியொரு தியாகத்துக்குத் தேவையே வந்திருக்காது. அவர் சொல்லாமல் விட்டதைத்தான் அண்ணா முதுகில் சுமந்தார்.

இப்போது ஐயா இல்லை, அம்மாவும் இல்லை. போரில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது, கூட்டம் கூடுகிற பாலைமரமும் இல்லை. தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று வந்துவிட்டது. குளக்கட்டில் நின்று கண்ணாலேயே தண்ணீரை மதிப்பிடுகிறவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். "அவரின்ரை மகள்தானே" என்று தலைவர் பதவியை என் தலையில் கட்டினார்கள். தலைமைத்துவப் பயிற்சி என்று கிளிநொச்சிக்குக் கூப்பிடுவார்கள், நல்ல தலைவரின் குணங்கள் என்னவென்று கேட்பார்கள், நேர்மை, பொறுமை என்று எல்லாரும் சொல்லுவோம், ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்து அனுப்புவார்கள். அலுத்துப்போய்விட்டது எனக்கு.

இந்தச் சிறுபோகத்துக்கும் குளத்தில் பாதித் தண்ணீர்தான். மேல்காணியை மட்டும் விதைத்துப் பங்கு போடுவோம், கடைக்காணி விதைக்க ஏலாது என்று கூட்டத்தில் சொன்னேன். மண்டபம் இரைந்தது. சின்னராசா மாமா பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினார்.

"பிள்ளை, கொப்பர் எண்டால் எங்களுக்கு ஏலாதெண்டு சொல்லியிருக்கமாட்டார்."

"ஓம் மாமா. அவர் சொல்லேல்லைத்தான்" என்றேன்.

சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கோ என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. பிறகு கடைசி வரிசையில், துருசடி வயல் சீதனமாக எனக்கு வந்தபின் கடைக்காணியைத் தவிர வேறு காணியில்லாத அண்ணா கையை உயர்த்தினார். இத்தனை வருடத்தில் அந்தச் சிறுபோகத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.