மண்டோர் நிரப்பிய படிவம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய படிவம் கிடக்கிறது. விழுங்கச் சிரமப்படும் பார்க்கின்சன் நோயாளிகளிடம் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும் படிவம். சாப்பிடப் பயமா, ஆசைப்பட்டதைச் சாப்பிட முடிகிறதா, நாலு பேரோடு உட்காரக் கூச்சமா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘பிரச்சினை இல்லை’ என்ற கட்டத்திலேயே கோடு. கை நடுங்கியதில் ஒவ்வொரு கோடும் கட்டத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது.

நிரப்பியவரை எல்லாரும் மண்டோர் என்றே அழைத்தார்கள். மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள், அவர் லகாட்டில் மகள் வீட்டில் இருந்தார். ஈப்போவில் எங்கள் மருத்துவமனைக்கு வரும்போது கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். நான் விழுங்கப் பயிற்சி தருபவள், தாதி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வெள்ளை அங்கி போட்டவள் அவருக்கு மிஸ்ஸிதான். “நல்லா இருக்கேன் மிஸ்ஸி. ஒன்னும் இல்லலா” என்றார். வெளியே கூட்டம். கோடுகளை எண்ணிப் பார்த்து, மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். நான் ஒரு மடச்சி.

மூன்றே வாரத்தில் சாப்பாடு நுரையீரலுக்குள் போய், காய்ச்சலோடு வார்டில் கிடந்தார். அவர் மனைவி என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினார். “அஞ்சு மாசமா எங்களோட உக்காந்து சாப்பிடறதே இல்ல மிஸ்ஸி. பேரப்புள்ளைங்க முன்னால எச்சி வழியுதுன்னு தட்டத் தூக்கிட்டுப் பின்னால போயிடுவாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தோடு நேரே கட்டிலுக்குப் போய், “ஏன் ஐயா பொய் சொன்னீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

மண்டோர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். “தோட்டத்துல காலையில ஆளுங்க வரிசையா நிக்கிற பெரட்டுல நாந்தான் பேரு கூப்பிடுவேன். சீக்குன்னு சொன்னவன் பேர நாந்தான் வெட்டுவேன். அன்னிக்கு அவனுக்கு வேல இல்ல. இங்க நான் சீக்குன்னு சொன்னா, வாய்ச் சாப்பாட்ட வெட்டிட்டு மூக்குல டியூப் போட்டுடுவீங்கல்ல?”

அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். பேரப்பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது அழுதார். நானும்தான்.

மறுநாள் டியூப் போட்டோம். வேறு வழியில்லை. அவர் பயந்ததே நடந்தது. என் பக்கம் திரும்பவேயில்லை.

பயிற்சி கொடுத்து, சில வாரம் கழித்துக் கழற்றினோம். கெட்டியான கஞ்சி, சின்னக் கரண்டி, தாடையைத் தாழ்த்தி ஒவ்வொரு வாயாக. பேரப்பிள்ளைகள் நடுவே அரைக் கிண்ணம் குடித்தார் என்று மனைவி போன் செய்தார். அப்படி ஒரு மாதம்தான் உயிரோடு இருந்தார்.

இப்போதெல்லாம் அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்குகிறேன். “உள்ளதச் சொன்னா டியூப் போடுவீங்களா மிஸ்ஸி?” என்று யாராவது கேட்டால், இழுப்பறையில் இருக்கும் அந்தக் கோடுகள்தான் கண்ணில் வந்து நிற்கும். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.