விடியுமுன் ஒரு மிஸ்டு கால்

பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். மிச்சமிருந்த திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். கல்லூரிக்குக் கிளம்பிய மகளிடம் பழக்கத்தில், "போனதும் ஒரு மிஸ்டு கால் குடு" என்றேன்.

"மிஸ்டு காலா? இப்பல்லாம் கால் ஃப்ரீம்மா!" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். தாம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பைக் கரையேற்றியதே மிஸ்டு காலில்தான்.

நான் தமிழாசிரியையாகச் சேர்ந்தபோது, வகுப்பில் பெரும்பாலும் செம்பாக்கத்துப் பழைய குடும்பங்களின் பிள்ளைகள். நிலமெல்லாம் மனையானதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏறிக்கொண்டார்கள். காலியான பெஞ்சுகளில், வடக்கேயிருந்து மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கணக்கில் வெளுத்துக் கட்டுவார்கள். தமிழ்த் தாளைக் கண்டால் நடுங்குவார்கள்.

தடுமாறுகிற மாணவர்களைத் தலைமையாசிரியர் எங்களுக்கு ஆளுக்கு ஐந்து பேராகப் பிரித்துக் கொடுத்தார். விடியுமுன் நாங்கள் ஒரு மிஸ்டு கால் கொடுப்போம். பிள்ளை எழுந்து, திருப்பி ஒன்று கொடுக்க வேண்டும். யாருக்கும் செலவில்லை.

என் ஐவரில் சஞ்சுக்தா ஒடிசாப் பெண். மாலையில் சமையலும் தம்பிகளும் அவள் தலையில். படிக்க விடியற்காலைதான் உண்டு. பத்தாவதில் தவறினால் அம்மாவோடு பேக்கிங் வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். பதில் மிஸ்டு கால் முதலில் வருவது அவள் எண்ணிலிருந்துதான். அவளைக் காட்டியே மற்ற நால்வரையும் திட்டுவேன். அப்படியிருந்தும் திருப்புதல் தேர்வில் தமிழில் தவறினாள்.

அவள் அப்பாவை வரச் சொன்னேன். இரவு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு நேராக வகுப்பு வாசலுக்கு வந்து கைகூப்பினார்.

"ஷிஃப்ட் முடியற நேரம் பாத்து டெய்லி விசாரிக்கிறீங்க மிஸ். எங்க சூப்பர்வைசர்கூட கேக்க மாட்டாரு."

வீட்டுக்கு இருந்ததே ஒரு போன். அது இரவெல்லாம் அவர் சட்டைப்பையில் மறைமலை நகரில் இருந்திருக்கிறது. ஏற்கெனவே விழித்திருந்த மனிதரைத்தான் நான் தினமும் எழுப்பியிருக்கிறேன். மரியாதைக்கு அவரும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மகள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று சஞ்சுக்தாவைக் கேட்டேன்.

"டெய்லி என்னைத்தான் 'குட்'னு சொன்னீங்க மிஸ்..."

அவளுக்குப் பக்கத்து வீட்டு தேவி எழுந்தாள். கணக்கில் தடுமாறுகிறவள். "வுடுங்க மிஸ், எங்கூட்ல போன் கீது. நான் எழுப்புறேன். எழுந்துக்கலன்னா மூஞ்சில தண்ணிதான்."

"மொதல்ல நீ எழுந்துக்கோ!" என்றாள் சஞ்சுக்தா. அவள் அப்பாவும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து இருவரும் தேவி வீட்டில் ஒன்றாகப் படித்தார்கள். சஞ்சுக்தா தேவிக்குக் கணக்கு, தேவி அவளுக்குச் செய்யுள். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பொதுத்தேர்வில் சஞ்சுக்தா தமிழில் முப்பத்தேழு. முப்பத்தைந்து போதும்.

இப்போது எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "எழுந்தாச்சா?" என்று கேட்டால் வரிசையாகக் கட்டைவிரல்கள் வருகின்றன, எத்தனை பேர் போர்வைக்குள்ளிருந்தோ! சஞ்சுக்தாவும் தேவியும் குடியிருந்த வரிசை வீடுகள் நின்ற இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. சஞ்சுக்தா அப்பாவின் எண் உபயோகத்தில் இல்லை.

அந்த வருஷம் தேர்வு முடிவு வந்த மறுநாள், எழுப்ப வேண்டியவர் யாருமில்லாத அந்த விடியற்காலையில், என் போன் ஒருமுறை அடித்து நின்றது. அவர்தான். விளக்கைக்கூடப் போடவில்லை, முதல் வேலையாக நானும் ஒன்று திருப்பிக் கொடுத்தேன்.